பந்து பார்க்கப் போனது குற்றமா?

அண்மையில் புதுக்கடையில் ஒரு நிக்காஹ் வீடு. விருந்து முடிந்தபின், பந்தலின் ஓரத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியவர்கள் சிலர் அமர்ந்திருந்தோம். ஷார்ஜாவில் ஒரு பக்காலாவில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், ஈராண்டுகளுக்குப் பின் விடுமுறையில் வந்தவர், நம் நடுவே இருந்தார். சம்பளம் எவ்வளவு, முதலாளி எந்த ஊர், அறையில் எத்தனை பேர், அங்கே தங்கம் என்ன விலை என்பன எல்லாம் கேட்டுத் தீர்ந்தன. பிறகு ஒருவர், "லீவு நாளில என்ன செய்வா?" என்று கேட்டார்.

இளைஞரின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. நண்பர்கள் இருவருடன் ஒரு வண்டியில் இடம்பிடித்து, மலைகளைக் கடந்து, கீழ்க்கடல் ஓரத்திலுள்ள திப்பா என்னும் ஊருக்குச் சென்றதையும், அங்கே இரண்டாம் தட்டுக் கழகங்கள் இரண்டு ஆடிய கால்பந்தாட்டம் ஒன்றைக் கண்டதையும் அவர் சொல்லத் தொடங்கினார். மைதானத்தின் பின்னால் மலை நின்ற அழகையும், அருகில் இருந்த அரபிக் கிழவர் ஒருவர் பேரீச்சம்பழத்தைக் கையில் திணித்ததையும் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவருடைய மாமா குறுக்கிட்டார்: "ஆரு ஆடுனா அங்க? மெஸ்ஸியா? பேரு தெரியாத பயலுவ ஆடுன பந்தப் பாக்கதுக்காடே ஒன்ன பிளேன் ஏத்தி உட்டது?"

பந்தல் முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். இளைஞர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அதன்பின் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் நமக்கு உறைத்தது. ஈராண்டுக் காலம் வேற்று நாட்டில் வாழ்ந்து திரும்பிய ஒரு பிள்ளை, தானாக விரும்பிக் கண்ட ஒரே ஒரு காட்சியை நம்மிடம் சொல்ல வந்தார். நாம் அவருடைய சம்பளத்தைக் கேட்டுக்கொண்டோம். அவர் கண்டதைக் கேட்க மறுத்தோம். இது அந்த ஒரு வீட்டின் கதையன்று. சபர் போன பிள்ளை இல்லாத வீடு நம் வட்டாரத்தில் அரிது. ஆகவே இதனைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே எழுத வேண்டியிருக்கின்றது. மாமாமார்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் குற்றப்பத்திரிகையைப் படித்துப் பார்ப்போம். அந்த இளைஞர் செய்த குற்றம்தான் என்ன? பந்தாட்டம் பார்த்தது குற்றமா? அப்படியானால் 2022ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நம் ஊர்களில் குற்றவாளிகள் அல்லாதவர் எத்தனை பேர்? கத்தரில் உலகக் கோப்பை நடைபெற்ற அந்த நாள்களில் நள்ளிரவு கடந்தும் விளக்கணையாத வீடுகளை நாம் அறிவோம். டிசம்பர் 18ஆம் நாள் லுசைல் அரங்கில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மூன்றுக்கு மூன்று என நின்று, பெனால்ட்டியில் அர்ஜென்டினா வென்ற இரவில், வெடி வெடித்தவர்களில் மாமாமார்களும் உண்டு. அந்த இளைஞர் திப்பாவுக்குப் போகாமல் லுசைலுக்குப் போயிருந்தால் பந்தல் சிரித்திருக்குமா? ஒருபோதும் சிரித்திராது. நுழைவுச் சீட்டைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்திருக்கும். நிழற்படத்தைக் கேட்டு வாங்கியிருக்கும்.

எனவே பந்து பார்த்தது குற்றமன்று. பெயரில்லாதவர் ஆடிய பந்தைப் பார்த்ததுதான் குற்றம். செலவு செய்தது குற்றமன்று. சிறிய ஊருக்குச் செல்லச் செலவு செய்ததுதான் குற்றம். இதனை இப்படி வெளிப்படையாக எழுதிப் பார்த்தால், நம் சிரிப்பின் தரம் நமக்கே விளங்கிவிடும். நாம் விளையாட்டை மதிப்பவர்கள் அல்லர், புகழை மதிப்பவர்கள்.

புகழுக்கு நாம் எவ்வளவு கொட்டிக் கொடுக்கின்றோம் என்பதற்கு அதே 2022 சாட்சி. கோழிக்கோட்டுப் புல்லாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு முப்பதடி உருவம் நிறுத்தப்பட்டது. அதைக் கண்டு பொறுக்காத மறுதரப்பார் நெய்மாருக்கு நாற்பதடியில் நிறுத்தினர். பின் ரொனால்டோவும் எழுந்தார். உலகமே அந்தப் படத்தைக் கண்டு வியந்தது. கேரளத்தில் சமஸ்தாவைச் சார்ந்த கதீபுகளின் அமைப்பு அந்த நவம்பரிலேயே எச்சரிக்கை விடுத்தது: விளையாட்டில் ஆர்வம் இருக்கலாம், ஆனால் ஆட்டக்காரரை வழிபடும் அளவுக்குச் செல்லலாகாது, பணத்தை விரயம் செய்யலாகாது என்பது அதன் சாரம். அதனை எதிர்த்தும் ஆதரித்தும் பெரும் விவாதம் நடந்தது.

நம் கருத்தைக் கூறிவிடுவோம். அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. அன்றாடக் கூலிக்காரர் கூடிப் பணம் திரட்டி, நேரில் காண இயலாத ஒருவருக்கு நாற்பதடி உருவம் நிறுத்துவதை எந்த அறிவும் ஏற்காது. ஆனால் நம்மூர்ப் பெரியவர்கள் சிலர் அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு, கட்அவுட் வைத்தவனை விட்டுவிட்டு, திப்பாவில் திண்ணையில் அமர்ந்து ஆட்டம் பார்த்த பிள்ளையை அடிக்கின்றார்கள். அங்கே யாருக்கு உருவம் நிறுத்தினான் அவன்? அங்கே ஆடியவர்களின் பெயரே அவனுக்குத் தெரியாதே! பெயர் தெரியாதவரை எப்படி வழிபடுவது? ஆட்டக்காரரை வழிபடும் நோய்க்கு மருந்து ஒன்று உண்டென்றால், அது இந்தச் சிறிய மைதானம்தான். அங்கே ஆட்டம் மட்டுமே இருக்கின்றது; ஆண்டவர்கள் இல்லை.

சிறிய மைதானம் என்று இங்கே நாம் குறிப்பது எதை என்பதைச் சற்று விளக்க வேண்டும். உலகெங்கும் கால்பந்துக் கழகங்கள் படிக்கட்டு போலத் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான நாடுகளில் ஆண்டு முடிவில் மேல்தட்டில் கடைசியாக நின்றவர் கீழே இறங்குவர். கீழ்த்தட்டில் முதலாவதாக நின்றவர் மேலே ஏறுவர். தொலைக்காட்சி காட்டுவது உச்சிப் படியை மட்டுமே. இங்கிலாந்தில் மேல் நான்கு தட்டுகளில் மட்டும் 92 கழகங்கள் உள்ளன. அவற்றின் கீழே இன்னும் பல தட்டுகளில் பல நூறு கழகங்கள் சிற்றூர்களிலும் புறநகர்களிலும் ஆடுகின்றன. பகலில் தச்சராகவும் ஆசிரியராகவும் வேலை செய்துவிட்டு மாலையில் பந்தாட வருபவர்கள் அந்தக் கீழ்த்தட்டுகளில் ஏராளம். வேலிக்கு அப்பால் நின்றால் ஆட்டக்காரரின் மூச்சுக் கேட்கும்.

அந்த 92 மைதானங்களையும் நேரில் கண்டு முடிப்பதையே வாழ்நாள் நோக்கமாகக் கொண்டவர்கள் அங்கு உண்டு. ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே சென்று, நாடு விட்டு நாடு சென்று, நான்காம் தட்டு, ஐந்தாம் தட்டு ஆட்டங்களைக் கண்டு, கண்ட மைதானங்களைக் கணக்கெழுதி வைப்பவர்கள் இருக்கின்றார்கள். கிரவுண்ட் ஹாப்பர் என்று அவர்களுக்குப் பெயரே வழங்குகின்றது. மைதானம் மைதானமாகத் தாவுபவர் என்பது பொருள். அவர்களையும் பித்தர்கள் என்று சிரிப்போர் உண்டு. ஆனால் அவர்களிடம் ஓர் உண்மை இருக்கின்றது. ஒரு நாட்டின் தலைநகரையும் கோபுரத்தையும் கண்டவன் அந்நாட்டைக் கண்டவன் ஆகான். சிற்றூரின் மாலைப் பொழுதில், அவ்வூரார் தம் பிள்ளைகளை ஏசியும் வாழ்த்தியும் நிற்கும் இடத்தில் நின்றவனே அந்நாட்டைச் சிறிதாவது கண்டவன்.

இது நமக்குப் புதிய பாடமா? 1325இல் ஹஜ்ஜை நாடித் தாஞ்சியர் நகரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, கொல்லத்தையும் மதுரையையும்கூடக் கண்டு எழுதி வைத்தாரே! சுல்தான்களின் மாளிகையோடு அவர் நின்றுவிட்டிருந்தால் இன்று அவரை யார் படிப்பார்? சிற்றூர்ச் சந்தையையும், அங்கு உண்ட உணவையும், வழிப்போக்கரின் பழக்கத்தையும் எழுதியதால் அல்லவா அவர் நிலைத்தார்? நாட்டைப் பார்ப்பதும் பார்த்ததைச் சொல்வதும் நம் மரபில் கல்வியாகப் போற்றப்பட்டவை. அந்த மரபில் வந்த நாம், பார்த்து வந்து சொன்ன பிள்ளையைச் சிரித்து அடக்கினோம்.

இனி, சபர் போன பிள்ளையின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். வளைகுடா நாடொன்றில் பத்தாண்டு, பதினைந்தாண்டு இருந்து திரும்பியவர்களை நிறுத்திக் கேளுங்கள்: "நீர் இருந்த நாடு எப்படி இருந்தது?" பெரும்பாலோர் சொல்லக்கூடியது அறை, கடை, வேலைத்தலம், விமான நிலையம் ஆகிய நான்கையே. குறை அவர்களுடையதன்று. அந்நாட்டில் அவர்கள் கால் வைத்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு வேலையாகவே கால் வைத்தார்கள். அங்காடியில் காவலாளி, வீட்டில் ஓட்டுநர், பக்காலாவில் பையன். வேலை முடிந்தால் அவ்விடத்தில் அவர்களுக்கு இடமில்லை. பெரிய கடைத்தெருவில் காசில்லாதவன் நின்றால் காவலாளியின் பார்வையே அவனை வெளியேற்றும். அந்தக் காவலாளியும் நம்மூர்க்காரனாகவே இருப்பான் என்பது வேறு வேதனை.

அத்தகைய பிள்ளைக்கு அந்நாட்டில் விருந்தாளியாக அமரக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது சிற்றூர் மைதானத்தின் படிக்கட்டு. கீழ்த்தட்டு ஆட்டங்களுக்குக் கட்டணம் இராது. இருந்தாலும் மிகச் சிறிது. வருவோர் சில நூறு பேர். அதனால் யாரும் யாரையும் தள்ளுவதில்லை. அவ்வூர்க் கிழவருக்குப் பக்கத்தில் இவன் அமர்கின்றான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் இருவரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைக்கின்றார்கள். அந்த ஒரு நொடியில் அவர் முதலாளியும் அல்லர், இவன் பையனும் அல்லன். திப்பாவில் கைக்கு வந்த அந்தப் பேரீச்சம்பழம் கூலி அன்று, உபசாரம். பத்தாண்டு உழைத்தும் கிடைக்காதது, ஒரு மாலையில் கிடைத்தது. இதனையா நாம் சிரித்தோம்?

திப்பாவைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அது ஒரே ஊர். ஆனால் மூன்று ஆட்சிகளுக்கு உட்பட்டது. ஒரு பகுதி ஃபுஜைராவுக்கு, ஒரு பகுதி ஷார்ஜாவுக்கு, மூன்றாவது பகுதி ஓமானுக்கு. ஃபுஜைராத் திப்பாவுக்கும் ஷார்ஜாத் திப்பாவுக்கும் தனித்தனிக் கழகங்கள் உள்ளன. இரண்டும் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக ஏறியும் இறங்கியும் வந்தவை. எல்லை ஊரின் இயல்பைப் புதுக்கடையாருக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள், தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டைக் கண்ட மண் இது. 1956 நவம்பர் முதல் நாள் கோடு மாறியது. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம் என்றாயிற்று. ஆயினும் நம் உறவும் சந்தையும் பேச்சும் கோட்டைத் தாண்டியே இன்றும் இருக்கின்றன. எல்லை ஊரில் பிறந்த பிள்ளை, கடல் கடந்து சென்று, மற்றோர் எல்லை ஊரைத் தானே தேடிக் கண்டு வந்திருக்கின்றான். அதன் அருமை நமக்கல்லவா முதலில் புரிந்திருக்க வேண்டும்?

ஓமானின் சூர் நகரையும் எண்ணிப் பாருங்கள். மலையாளக் கரைத் தேக்கினால் மரக்கலம் கட்டிப் பெயர்பெற்ற துறைமுகம் அது. அந்தச் சிறு நகரில் ஒன்றுக்கு மேற்பட்ட கால்பந்துக் கழகங்கள் இயங்குகின்றன. அரபு மரக்கலங்களின் நினைவை இன்றும் சுமந்து நிற்கும் நம் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒருவர் சூர் மைதானத்தில் போய் அமர்ந்தால், அது அந்நிய நாட்டில் பொழுதுபோக்கிய கதையாகுமா, பழைய உறவு புதுப்பிக்கப்பட்ட கதையாகுமா?

உழைக்கச் சென்றவர்களுக்கும் பந்துக்கும் உள்ள உறவு வேறொரு வகையிலும் வெளிப்பட்டது. கத்தரில் உலகக் கோப்பைக்கான கட்டுமானம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், 2013 முதல், தொழிலாளர் கோப்பை என்றொரு போட்டி நடத்தப்பட்டது. கட்டுமான நிறுவனங்களின் தொழிலாளர்களே அணிகளாகத் திரண்டு ஆடினர். நேபாளி, கானாக்காரர், கென்யாக்காரர், இந்தியர் என்று பல நாட்டாரும் ஒரே சட்டையில் நின்றனர். இதைப் பற்றி 2017இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. அந்த ஆட்டங்களைக் காண வந்தவர்களும் சக தொழிலாளரே. அது அந்த நிறுவனங்களின் விளம்பரத்துக்கும் பயன்பட்டது என்பதை நாம் மறைக்கவில்லை. முகாமின் துயரம் ஒரு கோலால் தீர்ந்துவிடாது. ஆனால் அந்த மாலையில் அவர்களுக்குப் பெயர் இருந்தது. அட்டை எண் மட்டும் இருக்கவில்லை.

மேலை நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2018 மே 31 முதல் ஜூன் 9 வரை, ஃபிஃபாவில் இடம்பெறாத மக்களினங்களுக்கான கோனிஃபா உலகப் போட்டி லண்டனில் நடந்தது. வெம்பிளியில் அன்று, பிராம்லி, சட்டன், என்ஃபீல்டு போன்ற சிறு கழகங்களின் மைதானங்களில். அதில் புலம்பெயர்ந்த ஈழத் தமிழ் இளைஞர்களின் அணியும் ஆடியது. சோமாலியக் கடற்கரை ஊராகிய பராவாவின் பெயரால் ஓர் அணியும் அதே பிரிவில் ஆடியது. பிறந்த மண்ணில் அமைதியாக வாழ இயலாமல் சென்றவர்களின் பிள்ளைகள், லண்டன் புறநகரின் ஒரு சிறு மைதானத்தில், தங்கள் பெயரைத் தாங்களே உரக்கச் சொல்லிக்கொண்டார்கள். எண்பதாயிரம் பேர் அமரும் அரங்கில் இதற்கு இடம் கிடைத்திராது. சிறிய மைதானத்தில் கிடைத்தது.

இனி, மறுப்புரைகளுக்கு வருவோம்.

பணம் விரயமாகின்றது என்பது முதல் மறுப்பு. விரயம் கூடாது என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கணக்கை நேராகப் போடுங்கள். மூன்று பேர் பங்கிட்ட வண்டிக் கூலியும் ஒரு தேநீரும்தான் திப்பாப் பயணத்தின் செலவு. அதே இளைஞரிடம் நாம் கேட்டு வாங்குவதென்ன? கலியாணத்துக்கு வளைவு, வாசலுக்குப் பிளெக்ஸ் பலகை, அடுத்த வீட்டாரை மிஞ்சும் விருந்து, ஆண்டுக்கொரு கைபேசி. இவற்றை எவரும் விரயம் என்று சொல்லக் காணோம். வீட்டுக்கு அனுப்புவதில் குறைத்துவிட்டு ஊர்சுற்றினால் கண்டிக்கலாம். அனுப்ப வேண்டியதை அனுப்பியபின் தன் கூலியில் ஒரு சிறு பங்கைத் தனக்கென்று செலவிட உழைத்தவனுக்கு உரிமை இல்லையா? அவன் நம் பிள்ளையா, நம் பணப்பெட்டியா?

தொழுகை தவறும் என்பது இரண்டாவது மறுப்பு. வளைகுடா நாடுகளில் ஆட்டம் தொடங்கும் நேரமே தொழுகை நேரத்தைப் பார்த்துக் குறிக்கப்படுகின்றது. அதனால்தான் ஐந்து ஐம்பது, ஆறு ஐந்து என்று விந்தையான நேரங்களை அந்த நிரல்களில் காணலாம். அங்கே மைதானத்தில் தொழுமிடமும் உண்டு. தொழுகையைத் தவற விடுபவன் அறையில் படுத்துக் கைபேசி பார்த்தும் தவற விடுவான்.

சூதாட்டத்துக்கு வழியாகும் என்பது மூன்றாவது. இது வலுவான மறுப்பு. இதனைத் தள்ளிவிட மாட்டோம். பந்தயம் கட்டுவதும், கைபேசியில் அணி அமைத்துப் பணம் வைப்பதும் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தன என்பதை அறிவோம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025இல் நடுவணரசு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆனால் அந்தச் சூது வளர்ந்தது எங்கே? வீட்டை விட்டு நகராமல் திரையில் கண்ட பெரும்புகழ் ஆட்டங்களைச் சுற்றி அல்லவா? மலையேறிச் சென்று, பெயரறியா ஆட்டக்காரரைக் கண்டு, கைதட்டித் திரும்பும் பிள்ளையின் மேல் அந்தப் பழியைப் போடுவது அநீதி. இருப்பினும் எந்த மைதானமாயினும் பந்தயக் காசு நுழைந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவது நம் கடமை.

மறுப்பாளரை இவ்வளவு கேட்ட பின், நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கடல் கடந்து திப்பாவைக் கண்ட பிள்ளைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள மைதானத்தை நாம் காட்டினோமா? புதுக்கடையிலிருந்து சில மைல் சென்றால் தூத்தூர். நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள கடலோர ஊர்களில் கால்பந்து வாழ்க்கையோடு கலந்தது. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா அணிகளில் ஆடி இந்திய அணிக்காகவும் களமிறங்கினார். எல்லைக்கு அப்பால் பொழியூர், சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்களை ஈன்ற ஊரென்றே பெயர்பெற்றது. இந்த ஊர்களின் கடற்கரை மணலிலும் சிறு மைதானங்களிலும் நடக்கும் ஆட்டங்களைக் காண நம் தெருவிலிருந்து எத்தனை பேர் சென்றோம்? மாட்ரிடின் அணி நிரல் நமக்கு மனப்பாடம். தூத்தூரின் அணியில் ஒருவர் பெயர் தெரியாது.

அவர்கள் கத்தோலிக்க மீனவர்கள், நாம் முஸ்லிம்கள், வேறு தெருவார் வேறு சமயத்தார் என்று தனித்தனியே வாழ்ந்து பழகிவிட்டோம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரம் இந்த மாவட்டத்துக்குக் கற்பித்த பாடத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அருகருகே அமர்ந்து பழகாதவர்களிடையே வதந்தி எளிதில் தீயாகின்றது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அந்த ஊர்களின் ஆண்மக்களைக் கடலில் வாரிக்கொண்டு போனபோது நாம் கண்ணீர் விட்டோம், உதவியும் செய்தோம். துயரத்தில் சென்ற நாம் ஆட்டத்தின்போதும் சென்றிருக்கலாம். ஒரு கோலுக்குச் சேர்ந்து எழுந்து நின்றவர்கள் ஒருவரையொருவர் அத்தனை விரைவில் சந்தேகிக்க மாட்டார்கள்.

மலப்புறத்தாரைப் பாருங்கள். நவம்பர் முதல் மே வரை, அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் மூங்கிலும் கமுகும் கட்டிய காலரிகளில் ஏழுபேர் ஆட்டம் நடக்கின்றது. ஆப்பிரிக்க ஆட்டக்காரர்கள் வந்து தங்கி ஆடுகின்றார்கள். ஊரார் அவர்களைத் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்கின்றார்கள். அங்கும் குறைகள் உண்டு. 2022 மார்ச்சில் காளிகாவு அருகே பூங்ஙோட்டில் தற்காலிகக் காலரி சரிந்து ஏராளமானோர் காயமுற்றனர். பாதுகாப்பில் காட்டிய அலட்சியத்தை யாரும் மன்னிக்கலாகாது. ஆயினும் அதே ஆண்டு மே 2ஆம் நாள், பெருநாளின் முந்தைய இரவில், மஞ்சேரி பையநாட்டில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். கேரளம் வங்காளத்தைப் பெனால்ட்டியில் வென்றது. உலகம் கவனியாத ஓர் உள்நாட்டுப் போட்டிக்கு, நோன்பின் கடைசி இரவில், அத்தனை பேர்! அவர்கள் புகழைப் பார்க்க வரவில்லை. தங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்க வந்தார்கள்.

கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் வரலாறும் நமக்குப் பாடம். 1891இல் தோன்றி, 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கொல்கத்தா லீகை வென்ற கழகம் அது. அந்நாளில் இந்திய முஸ்லிம்கள் அதன் பெயரைப் பெருமையோடு சொன்னார்கள். பிறகு அது கீழ்த்தட்டில் ஆடிய ஆண்டுகள் வந்தன. அப்போது பெருமை பேசியவர்கள் பலர் காணாமல் போனார்கள். ஆனால் ஒரு கூட்டம் மட்டும் கறுப்பு வெள்ளைக் கொடியோடு மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. 2023–24 பருவத்தில் அது ஐ-லீகை வென்று மேல்தட்டுக்கு ஏறியபோது மீண்டும் எல்லோரும் பெருமை பேசினார்கள். அந்த வெற்றியில் பங்கு கேட்கும் உரிமை, தாழ்ந்த காலத்தில் படிக்கட்டில் அமர்ந்திருந்தவர்களுக்கே முதலில் உண்டு.

எனவே நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. சபரிலிருந்து திரும்பும் பிள்ளையிடம், "என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்கும் நாம், "என்ன கண்டு வந்தாய்?" என்றும் கேட்போம். அவன் கண்டது சிறிய ஊராக, சிறிய மைதானமாக, பெயரற்றவர் ஆட்டமாக இருந்தாலும் இறுதிவரை கேட்போம். அனுப்ப வேண்டியதை அனுப்பி, தொழ வேண்டியதைத் தொழுது, பந்தயத்தைத் தொடாமல் அவன் செல்லும் பயணத்தை வாழ்த்தி அனுப்புவோம். அடுத்து தூத்தூரிலோ இரவிபுத்தன்துறையிலோ ஆட்டம் நடக்கும் மாலையில் நம் பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வோம். பெண்மக்களும் அமர்ந்து காண இடம் கேட்டு வாங்குவோம். நம் மஹல்லாப் பிள்ளைகள் ஆட ஒரு துண்டு நிலமேனும் கட்டடமாகாமல் மிஞ்சும்படி ஜமாஅத்தார் பார்த்துக்கொள்வார்களாக.

அந்த இளைஞரின் விடுமுறை முடிய இன்னும் சில நாள்கள் உள்ளன என்று அறிகின்றோம். இந்த வாரம் அவர் வீட்டுக்குச் செல்வதாக இருக்கின்றோம். மாமாவும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார். திப்பாவில் அன்று யார் வென்றார்கள் என்பதை நாம் இன்னும் கேட்கவே இல்லை.